மரை தேய்ந்த சைக்கிளுக்கு உளி வைத்தியமா? 'பிரேம்' காயலான் கடைக்குப் போகும் பரிதாபம்!

பெடலை மிதிக்கும்போது 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதா? ஹேண்டில்பார் நேராக வந்ததும் ஏதோ பள்ளத்தில் விழுந்தது போல 'கபக்' என்று நின்றுகொள்கிறதா?

உங்கள் பழைய சைக்கிளின் பிரேமில் எங்கேயோ ஒரு மூட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சரி செய்துவிடலாம். ஆனால் அவசரக்காரர் கையில் கொடுத்தால் போச்சு! உளியும் சுத்தியலும் அரை மணி நேரத்தில் செய்கிற நாசத்தை, துருப்பிடித்து 30 வருடம் கிடந்தாலும் செய்ய முடியாது.

சென்னையில் இன்னும் எத்தனையோ பேருக்கு சைக்கிள்தான் சோறு போடுகிறது. டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், விடியற்காலை பேப்பர் போடுகிற பையன், ராத்திரி டூட்டிக்குப் போகிற வாட்ச்மேன்... இவர்கள் புது வண்டி வாங்கினால் அந்த மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். அதனால் அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ், மாமா விட்டுப்போன ராலே, அட்லஸ் என்று பழசையே ஓட்டுகிறார்கள்.

சோனிப்பட்டில் 1951ல் பிறந்த அட்லஸ் கம்பெனி, சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3ந் தேதி மூடியது. (அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! என்ன பொருத்தமோ?) அந்தப் பழைய பிரேமை ஒருவர் உளியால் உடைத்துவிட்டால், அதே போல இன்னொன்று கிடைக்க அலைய வேண்டியதுதான்.

முதல் ஆசாமி 'காட்டர் பின்'

'டக்... டக்...' சத்தம் கேட்டதும், "பி.பி. போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

பெடல் மாட்டுகிற இரும்புக் கைக்கு கிராங்க் என்று பெயர். பழைய வண்டியில் இந்தக் கிராங்கை நடு அச்சோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன ஆப்பு. அதுதான் காட்டர் பின். அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவி இருக்கும். அந்தச் சீவிய இடம் நசுங்கிவிட்டால், காலை அழுத்தும்போதெல்லாம் கிராங்க் துளி நழுவும். சத்தம் வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு கிராங்குகளையும் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக ஆடினால் குற்றவாளி காட்டர் பின்! ஒரு டீ, வடை காசில் வேலை முடிந்தது. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால்தான் உள்ளே இருக்கிற கப்பு, பால்ரஸ் குண்டு, அச்சு மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

பின்னை மாற்றும்போது ஒரு விஷயம். நட்டை முறுக்கி பின்னை உள்ளே இழுக்கக்கூடாது. பின்னின் மரை பிய்ந்துவிடும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, பின்னைத் தட்டி இறக்கி, பிறகு நட்டைப் போட வேண்டும். முட்டுக் கொடுக்காமல் தட்டினால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கிற குண்டின் மேல் விழும். கப்பில் பள்ளம் விழுந்துவிடும். சின்ன ரிப்பேருக்குப் போய் பெரிய ரிப்பேரோடு திரும்புகிற கதை இதுதான்.

வலது பக்கம் உல்டா!

இப்போது பெரிய சமாசாரத்துக்கு வருவோம். பெடல் அச்சு ஓடுகிற உருண்டைக் கூட்டுக்கு 'பி.பி. ஷெல்' என்று பெயர். இதன் இரண்டு பக்கமும் மரை வெட்டி இருக்கும். அதில் கப்புகளைத் திருகி இருப்பார்கள். பழைய பிரேம்களில் பாதி சாவது இந்த இடத்தில்தான்.

காரணம்? வலது பக்கக் கப்பு, அதாவது செயின் பக்கத்துக் கப்பு, இடது மரை. எல்லா நட்டும் கழலுகிற பக்கம் அது கழலாது. கடிகார முள் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும்.

இது தெரியாத ஆசாமி என்ன செய்வார்? வழக்கம் போல எதிர்ப்பக்கம் திருப்புவார். வராது. மண்எண்ணெய் ஊற்றுவார். வராது. உளியை வைத்து 'ணங்... ணங்...' என்று போடுவார். அடிக்க அடிக்க அது இறுகும்! கடைசியில் கப்பின் விளிம்பு தெறிக்கும். இல்லாவிட்டால் ஷெல்லின் மரை சுருண்டு இரும்புத் தூளாகக் கொட்டும்.

எதற்காக இந்த உல்டா வேலை? அச்சு ஒரு பக்கம் சுற்றும்போது, அழுத்தம் குண்டுகள் வழியாக ஊர்ந்து வந்து கப்பை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். வலது பக்கத்தில் சாதா மரை வைத்தால், ஓட்ட ஓட்டக் கப்பு தானாகக் கழன்றுவிடும். அதற்காகத்தான் இடது மரை. பெடலில் இதற்கு நேர்மாறு. அங்கே இடது பெடலுக்குத்தான் இடது மரை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் அனேகம்.

விவரம் தெரிந்த மிஸ்திரி உளியையே தொடமாட்டார். கப்பின் விளிம்பில் இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கென்று அகலமான, மெல்லிய ஸ்பேனர் உண்டு. அது இல்லாவிட்டால் ஒரு பெரிய போல்ட்டு போதும்! கப்பின் ஓட்டை வழியாக உள்ளிருந்து போல்ட்டை விட்டு, வெளியே வாஷரும் நட்டும் போட்டு இறுக்குவார். ஒரு அளவுக்கு மேல் இறுகியதும், நட்டோடு சேர்ந்து கப்பும் கடிகார முள் பக்கம் சுற்ற ஆரம்பிக்கும். அந்தப் பக்கம்தானே அது கழலும்? 'கிரீச்' என்ற சத்தத்தோடு வந்துவிடும். ஷெல்லுக்கு ஒரு கீறல் விழாது. பலே வேலை!

24ஆ, 26ஆ?

இன்னொரு பொறி இருக்கிறது. எல்லா ஷெல்லும் ஒரே மரை கிடையாது. இங்கிலீஷ் அளவில், 1.37 அங்குலக் கப்பில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை. ஆனால் நாட்டிங்காமில் செய்த பழைய ராலே பலவற்றில் 26 மரை! இத்தாலி ரேசிங் வண்டியில் 36 மில்லி மீட்டர் கப்பு. அதில் இரண்டு பக்கமும் சாதா மரைதான்.

26 மரை ஷெல்லில் 24 மரைக் கப்பைப் போட்டால் என்ன ஆகும்? இரண்டு சுற்று ஜோராகப் போகும். பிறகு பிடிக்கும். "துரு இருக்கு போல" என்று நீட்டுக் குழாய் போட்டு முறுக்கினால்... மரை குளோஸ்! கையால் ஏழெட்டுச் சுற்று போகாத கப்பைக் கருவி வைத்து முறுக்கக்கூடாது.

"அண்ணே, ஆபிசுக்கு டயமாச்சு. சும்மா சணல் சுத்தி டைட் பண்ணிக் குடுங்கண்ணே."

"சணல் ஒரு வாரம் நிக்கும் சார். அப்புறம் இருக்கிற மரையும் போயிரும். நாளைக்கு வண்டிய விட்டுட்டுப் போங்க."

சைக்கிள் கடை வாசலில் இப்படித்தான் பேச்சு நடக்கும். மிஸ்திரி சொல்வது நியாயம். சணல், தகரத் துண்டு, நூல் எதைச் சுற்றினாலும் கப்பு உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். மிச்சம் இருக்கிற மரையையும் அது ராவித் தின்றுவிடும். கப்பை ஷெல்லோடு வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். கப்பின் உள்பக்கம் தணல் கொடுத்துக் கடினமாக்கிய இரும்பு. வெல்டிங் சூட்டில் அது இளகி, குண்டு ஓடி ஓடிக் குழி விழும். மறுபடி கழற்றவும் முடியாது.

அப்படியானால் மரை போன ஷெல்லுக்கு வழி? நாலு வழி இருக்கிறது.

மரை கொஞ்சம்தான் நசுங்கி இருந்தால், லேத்துப் பட்டறையில் அதே அளவு 'டேப்' விட்டு எடுத்தால் போதும். இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். கோணலாகப் போனால் அச்சு இறுகும். ஒட்டுமொத்தமாகப் போய்விட்டால், ஷெல் தடிமனாக இருக்கும் பட்சத்தில், உள்ளே குடைந்து 36 மில்லி மீட்டர் இத்தாலி மரை வெட்டலாம். (வலது கப்பை நன்றாக இறுக்க வேண்டும். அது சாதா மரை என்பதால் கழலப் பார்க்கும்!) அதுவும் முடியாவிட்டால் இரும்பு வளையம் கடைந்து உள்ளே செருகி, பித்தளையால் பற்றவைத்து, புதிதாக மரை வெட்டலாம். நாலாவதுதான் சுலபம். மரையே வேண்டாத கப்பு செட் கிடைக்கிறது. இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு, ஷெல்லின் இரண்டு ஓரத்தையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரத்தன் பஜார் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம்.

கியர் வைத்த பழைய ரேசிங் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் மாட்டுகிற காதில் 10 மில்லி மீட்டர் மரை. கோணலாக ஏற்றிக் கெடுத்துவிட்டால், அதே வழியில் டேப் விடாமல் பின்பக்கமிருந்து விட்டுப் பாருங்கள். அந்தப் பக்க மரை நன்றாக இருக்கும். அது டேப்புக்கு வழிகாட்டும்.

சாலைப் பள்ளம் செய்கிற வேலை

ஹேண்டில்பாருக்கு வருவோம். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். 'கட கட' என்றால் ஹெட் கப்பு லூஸ். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்புங்கள். நடுவில் 'கபக்' என்று நின்றால் கப்பில் குழி விழுந்துவிட்டது.

இந்தக் குழிக்குப் பாதிக் காரணம் தெருவில் இருக்கிறது. மழை பெய்ததும் ரோட்டில் விழுகிற பள்ளம், குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய மேடு... எல்லாவற்றிலும் முன் சக்கரம் 'தொம்' என்று விழும்போது அடி வாங்குவது கீழ்க் கப்பு. ஹேண்டில் எப்போதும் நேராகவே இருப்பதால் குண்டுகள் ஒரே இடத்தைக் குத்திக் குத்திக் குழி பறிக்கும். குழி விழுந்த வண்டி நேராக ஓடவே அடம்பிடிக்கும். பஸ்சுக்கு ஒதுங்க நினைக்கும்போது சட்டென்று திரும்பாது. விளையாட்டில்லை!

கப்பு செட் மாற்றுவது பெரிய செலவில்லை. கையில் காசு இல்லாவிட்டால் ஒரு தற்காலிகத் தந்திரம் உண்டு. கூண்டில் கோத்த குண்டுகளை எடுத்துவிட்டு, உதிரிக் குண்டுகளைக் கிரீஸ் வைத்து அடுக்கினால், எண்ணிக்கை மாறி பழைய குழியில் எல்லாம் ஒரே நேரத்தில் விழாது. சம்பள நாள் வரை ஓட்டலாம்.

கப்பு உட்காரும் குழாயின் வாயே அகன்றுவிட்டால், தகரம் சுற்றி அடிக்காதீர்கள். கொஞ்சம் பெரிய கப்பாக லேத்தில் கடைந்து போட வேண்டும்.

இதை மட்டும் ஒட்டாதீர்கள்!

பிரேம் குழாய்கள் சேருகிற மூட்டுகளை அந்தக் காலத்தில் பித்தளை உருக்கிப் பற்றவைத்தார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும். இரும்புக்குச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். அதனால் குழாய் உருகாமல் மூட்டு மட்டும் பிடிக்கும். கரண்ட் வெல்டிங் அப்படி இல்லை. மெல்லிய குழாயை ஓட்டை போட்டுவிடும். ஒட்டிய இடம் நின்றாலும் பக்கத்தில் அரை அங்குலம் தள்ளி விரிசல் விடும். மூட்டு விட்டுப்போனால் கேஸ் வைத்துப் பித்தளை விடத் தெரிந்த பட்டறையாகத் தேடுங்கள்.

ஆனால் முன் போர்க்கில் விரிசலா? யார் எவ்வளவு சத்தியம் செய்தாலும் ஒட்ட வேண்டாம். முக்கியமாக, தலைக் குழாய்க்குள் போகிற தண்டில் விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. ஓவராயில் செய்யும்போது போர்க்கை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன் போர்க் முறிந்தால் ஓட்டுபவர் முகம்தான் முதலில் ரோட்டைத் தொடும். பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்க நேரம் இருக்காது. முன் மூட்டுக்குக் கீழே பெயிண்ட் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் அதுவும் ஆபத்தின் அடையாளம்.

நம்பர் எங்கே?

பட்டறைக்காரர் ராவும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, பிரேம் நம்பர். சீட்டுக்குக் கீழே மூட்டிலோ பி.பி. ஷெல்லின் அடியிலோ அடித்திருக்கும். வெல்டிங்குக்காகச் சுரண்டினால் நம்பரும் போய்விடும். வண்டி திருட்டுப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் என்ன எழுதிக் கொடுப்பீர்கள்? வேலைக்குக் கொடுக்கும் முன் நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் குனிந்து பார்ப்பது நல்லது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் புது பெயிண்டும் அரத்தின் தடமும் இருந்தால் நழுவிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவின்படி 3 ஆண்டு வரை உள்ளே போகலாம்.

வேலை முடிந்து வண்டியை மாட்டும்போது பக்கத்தில் நின்று குண்டை எண்ணுங்கள். பி.பி.யில் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 11. கூண்டு இல்லாமல் 9, 10 போட்டு மூடிவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் 'டக்... டக்...' கேட்கும்.