ஆங்கில வசனமும் வழாநிலையும்

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் பிறழாது நிற்றலை வழாநிலை என்றும், பிறழ்தலை வழு என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலே இவ்வியைபைப் பற்றியதாகும். இம்மரபில் வந்த நம் மாணவர் ஆங்கிலம் எழுதும்பொழுது இயைபு தவறுவது ஏன்? அது பெரும்பாலும் சோம்பலால் வருவதன்று. தாய்மொழிப் பழக்கத்தால் வருவது என்பதே எமது கருத்து.

காத்தான்குடி வணிகர் ஒருவர் கொழும்புக்குக் கடிதம் எழுதுகின்றார் என்று கொள்வோம். "சாரங்களைக் கட்டி அனுப்பினோம்" என்பது அவர் கருத்து. தமிழில் 'கட்டி' என்பது எச்சம். 'அனுப்பினோம்' என்னும் முற்றே பொருளை முடித்து வைக்கும். ஆங்கிலத்திலோ, 'அண்ட்' என்பதால் இணைந்த வினைகள் ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே காட்டல் வேண்டும். அவர் முதல் வினையை 'பாக்ட்' என இறந்தகாலத்தில் அமைத்து, அடுத்ததை 'டிஸ்பாட்ச்' என வாளா விட்டால், சரக்குப் புறப்பட்டதோ, இனித்தான் புறப்படுமோ என்று கொழும்பிலுள்ளவர் மயங்குவார். ஈற்றிலே ஓர் ஒலி குறைந்தமையால் பணமும் தடைப்படும், நம்பிக்கையும் குன்றும்.

இனி, எண் இயைபு. ஆங்கிலத்திலே 'ஸ்' என்னும் ஈறு பெயரிலே நின்றால் பெரும்பாலும் பன்மை காட்டும். நிகழ்கால வினையிலே நின்றால் படர்க்கை ஒருமை காட்டும். 'பாய் ரன்ஸ்' என்பது ஒருவனைக் குறிக்கும். 'பாய்ஸ் ரன்' என்பது பலரைக் குறிக்கும். ஓரொலியே இரண்டிடத்தும் மாறுபட்ட தொழில் செய்வதால் மாணவர் இடர்ப்படுகின்றனர். அன்றியும், தமிழில் "மாடு வந்தது", "மாடு வந்தன" என இரண்டும் அமையும்; அங்கே எண்ணைக் காட்டுவது வினை. ஆகவே பெயரில் ஈறு விடுபடுதல் நம் செவிக்கு உறுத்துவதில்லை.

மற்றொன்று, அடுக்கும் பொருள்கள் ஒரே வடிவில் நிற்றல். "அவன் நீந்தலையும், தோணி வலித்தலையும், மீன் பிடிக்கவும் விரும்பினான்" என்றால் தமிழ்ச் செவி உடனே மறுக்கும். அம்மறுப்பையே ஆங்கிலத்திற்கும் பழக்குதல் வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடிக்குச் செல்லும் வழியில் கல்லடி உப்போடை உளது. அங்கு 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகள், தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியதோடு, 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராகவும் இருந்தவர். ஒரு மொழிப் பயிற்சி மற்றொன்றுக்குப் பகையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எனவே மாணவர்காள்! எழுதி முடித்ததும் எழுவாயின்கீழ் ஒரு கோடும் வினையின்கீழ் ஒரு கோடும் இடுங்கள். இரண்டையும் மாத்திரம் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். காலம் மாறுமிடத்தில், மாற்றத்திற்குக் காரணம் உண்டோ என வினவுங்கள். தமிழில் வழுவைக் கண்டு கூசும் உள்ளம், சிறிது பழகினால், ஆங்கிலத்திலும் கூசும்.