வேண்டாம் என்று சொல்லும் உரிமை

2021 ஜனவரி 30, சனிக்கிழமை இரவு. டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் மேத்யூ ஸ்டாஃபோர்டு லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்குப் போகிறார், ராம்ஸின் ஜாரெட் காஃப் இங்கே வருகிறார் என்று செய்தி வந்தது. டெட்ராய்ட் புறநகரில் குடியிருக்கும் எங்களுக்கு அது ஊர்ச்செய்தி. பன்னிரண்டு பருவங்கள் ஆடிய ஸ்டாஃபோர்டு போகிறாரே என்றுதான் எல்லோரும் பேசினார்கள். என் மனசு காஃப் பக்கம் போனது.

ஸ்டாஃபோர்டு தானாகக் கேட்டு விலகினார். எங்கே போக விருப்பம் என்று நிர்வாகம் அவரிடம் பேசியது. காஃபுக்கு அப்படி எந்த வாய்ப்பும் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் ராம்ஸை சூப்பர் பௌல் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர். 2019 செப்டம்பரில் 13.4 கோடி டாலருக்கு நான்காண்டு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். அந்த மை காய்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. புது வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்கள்.

இருவரும் குவார்ட்டர்பேக்குகள். அமெரிக்கக் கால்பந்தில் களத்தில் நிற்கும் 11 பேரில் குவார்ட்டர்பேக்தான் மூளை. தாக்குதல் ஆட்டத்தில் பந்து முதலில் அவர் கைக்கே வரும். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் அணியிலேயே பெரிய சம்பளம் பெரும்பாலும் அவருக்கு. ஆனால் என்.எஃப்.எல். லீக்கில் ஓர் அணி நினைத்தால் எந்த வீரரையும் அவரது ஒப்பந்தத்தோடு இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம். அதுதான் டிரேட். போகமாட்டேன் என்று பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தால், மூத்த வீரருக்கு நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை அபராதம்.

இதைத் தடுக்க ஒரே வழி, ஒப்பந்தத்திலேயே நோ-டிரேட் ஷரத்து எழுதி வாங்குவது. வீரர் சம்மதிக்காமல் அவரை மாற்ற முடியாது. பேட்ரிக் மஹோம்ஸ் 2020இல் கன்சாஸ் சிட்டியுடன் செய்த 45 கோடி டாலர், பத்தாண்டு நீட்டிப்பில் இது இருக்கிறது. 2021இல் டாலஸின் டாக் பிரெஸ்காட் வாங்கினார். 2023இல் பால்டிமோரின் லமார் ஜாக்சனும் பிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸும் வாங்கினார்கள். பிலடெல்ஃபியாவின் ஈகிள்ஸ் அணி தன் வரலாற்றில் முதன்முறையாக இந்த ஷரத்தைக் கொடுத்தது ஹர்ட்ஸுக்குத்தான்.

“இத்தனை கோடி வாங்குகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குவார்ட்டர்பேக்குக்கு ஊர் என்பது வெறும் வீட்டு முகவரி இல்லை. அவரைக் காக்கும் முன்வரிசை வீரர்கள், அவருக்காக ஆட்டத்திட்டம் வகுக்கும் பயிற்சியாளர், அவர் எறிவதைப் பிடிக்கும் கைகள் எல்லாமே அதில் அடக்கம். மோசமான முன்வரிசை உள்ள அணியில் மாட்டிக்கொண்டால் உடம்பும் போகும், பெயரும் போகும்.

இந்த ஷரத்து என்ன செய்யும் என்பதற்கு டெரெக் காரைவிட நல்ல பாடம் இல்லை. 2014 முதல் ரெய்டர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் அவர். 2022 ஏப்ரலில் 12.15 கோடி டாலருக்கு மூன்றாண்டு நீட்டிப்பு பெற்றபோது நோ-டிரேடும் கேட்டு வாங்கினார். அதே ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது: 2023 பிப்ரவரி 15 அன்று அவர் அணியில் இருந்தால், 4.04 கோடி டாலர் அவருக்கு உறுதியாகிவிடும். 2022 பருவம் அணிக்குச் சரியாக அமையவில்லை. இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே அவரை உட்காரவைத்தார்கள். ஆடி அடிபட்டால் அந்தத் தொகையைக் கொடுத்தே தீரவேண்டும் என்ற பயம்.

அவரை வேறு அணிக்குக் கொடுத்து டிராஃப்ட் தேர்வு வாங்கலாம் என்று ரெய்டர்ஸ் பார்த்தது. கார் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் செயின்ட்ஸ் அணியினரைச் சந்தித்தார், ஆனால் டிரேடுக்குச் சம்மதிக்கவில்லை. காலக்கெடுவையும் தள்ளிப்போடவிடவில்லை. பிப்ரவரி 14 அன்று ரெய்டர்ஸ் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. கைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதமே கார் அதே செயின்ட்ஸுடன், தன் விருப்பப்படி, நான்காண்டுக்கு 15 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். நோ-டிரேடும் அந்தத் தேதியும் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததால்தான் இது நடந்தது. தேதி இல்லையென்றால் ரெய்டர்ஸ் மாதக்கணக்கில் காத்திருந்திருக்கும்.

இந்த ஷரத்தால் முடியாததும் நிறைய. கர்க் கசின்ஸ் 2024இல் அட்லாண்டாவுடன் 18 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார், நோ-டிரேடும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இளைஞர் மைக்கேல் பெனிக்ஸுக்கு இடம் கொடுத்துவிட்டு அவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். களத்தில் இடம் உண்டு என்று எந்த ஷரத்தும் எழுதித் தராது. ரஸ்ஸல் வில்சன் 2022இல் தானே சம்மதித்து சியாட்டிலிலிருந்து டென்வர் போனார்; இரண்டே பருவத்தில் டென்வர் அவரை விடுவித்தது.

அணிகளின் எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும்: இந்த ஷரத்து வீரர் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பது. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன் மீது பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்குத் தொடர்ந்திருந்தார்கள். அவர் மறுத்தார், கிராண்ட் ஜூரிகள் குற்ற வழக்குக்கு ஒப்பவில்லை. ஆனாலும் 2022 மார்ச்சில் நோ-டிரேட் கையில் இருந்ததால், எங்கே போவது என்று தீர்மானித்தவர் அவர்தான். கிளீவ்லாந்து மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளோடு, முழுவதும் உறுதியளிக்கப்பட்ட 23 கோடி டாலரையும் கொடுத்தது. பிறகு லீக் அவருக்கு 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. எனக்கு இது ஆறாத கசப்பு. ஆனால் அந்தப் பணத்தைக் கொடு என்று கிளீவ்லாந்தை எந்த ஷரத்தும் கட்டாயப்படுத்தவில்லை. அது அந்த நிர்வாகத்தின் முடிவு.

இன்னொரு வாதம், காஃப் கதையே. டெட்ராய்ட்டில் அவர் மீண்டெழுந்தார். 2024 ஜனவரியில் ஃபோர்டு ஃபீல்டில் அதே ராம்ஸை 24-23 என்று வீழ்த்தி, 32 ஆண்டுகளில் லயன்ஸின் முதல் பிளேஆஃப் வெற்றியைத் தந்தார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. மாற்றியது நல்லதுக்குத்தானே என்கிறார்கள். ஷரத்து இருந்திருந்தாலும் அவர் சம்மதித்து வந்திருக்கலாமே! முடிவு நன்றாக அமைந்தது என்பதற்காக, கேட்காமல் அனுப்பியது சரியாகிவிடாது.

இந்தப் போராட்டம் பேஸ்பாலில் முன்பே நடந்தது. அங்கே கர்ட் ஃபிளட் என்ற வீரர் 1969இல் தன்னை பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனாலும் பெரிய லீக்கில் பத்தாண்டு ஆடி, கடைசி ஐந்தாண்டு ஒரே அணியில் இருந்தவரைச் சம்மதமின்றி மாற்ற முடியாது என்ற விதி அங்கே பின்னால் வந்தது. என்.எஃப்.எல்.லில் அப்படிப் பொது விதி கிடையாது. ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும் பலம் உள்ளவர்கள் நட்சத்திர குவார்ட்டர்பேக்குகள்தான்.

ஆகவே கேட்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் முதலில் உறுதிப் பணம், அடுத்து அது உறுதியாகும் தேதி, அதற்குப் பிறகு நோ-டிரேட். முதல் இரண்டையும் விட்டுக்கொடுத்து மூன்றாவதை வாங்குபவர் ஏமாறுவார். மூன்றையும் வாங்குபவரிடம், அவரை அனுப்ப நினைக்கும் நிர்வாகம் முதலில் வந்து பேசியாக வேண்டும். அணிக்காக உடம்பைப் பணயம் வைப்பவருக்கு அந்த மரியாதை உரியதே.