இசைத்தட்டும் இணைப்புக் கம்பியும்

1920களில் எட்வேட் ஹார்ப்பர் கொழும்புத் தந்திக் கந்தோரிலிருந்து வானொலியைத் தொடக்கியபொழுது முதலில் ஒலித்தது இசைத்தட்டின் இசையே. புசல்லாவைப் பகுதியில் முன்னோர் சேர்த்த தட்டுக்களைப் பேணிவருவோர், அவற்றைப் புதிய சுழற்கருவியிற் கேட்க விழையின், அவர்க்குச் சில கூறுவோம்.

ஊசியைத் தாங்கும் காந்தவகைக் காட்றிஜ் பிறப்பிக்கும் மின் மிக நுண்ணியது. ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டே. ஆதலின் பெருக்கியில் 'போனோ' என்னும் வாயில் உளதா என முதலில் நோக்குக. மின் பெருகும்பொழுது உடன்புகுந்த இரைச்சலும் பெருகும். எனவே இணைப்புக் கம்பி உலோகப் பின்னலுறை உடையதாய், 1 மீற்றர் அளவினதாய், வீட்டு மின்கம்பிக்கு விலகிச் செல்லல் வேண்டும். முரலும் ஓசை எழுமாயின், நிலத்தொடுப்புக் கம்பியைப் பெருக்கியின் உரிய முளையில் இறுக்குக, பெரும்பாலும் அடங்கிவிடும். இவை அமைந்தபின், விலையுயர்ந்த கம்பியால் விளையும் பயன் சிறிதே.

பொருளை ஊசிக்குச் செலவிடுக. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. 1948இல் வெளிவந்த நெடுந்தட்டின் ஊசியினும் ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனான ஊசியே அதற்குப் பொருந்தும். பருத்த ஊசியை நெடுந்தட்டில் இட்டாலோ பள்ளமே சிதையும்.

பழைய அரக்குத் தட்டை மதுசாரத்தால் துடைத்தல் ஆகாது. அதில் அரக்குக் கரையும். மலைநாட்டு ஈரத்திற் பூஞ்சணம் பற்றுமாதலின், உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி அடுக்குக. கம்பி பழுதுற்றால் வேறு வாங்கலாம். தட்டுத் தேய்ந்தால் அதிலுள்ள குரலை எங்கே வாங்குவது?