இருநூறு நிமிடப் பற்று

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஐந்தொகை பொருந்தாமல் 900 ரூபாய் உதைத்தால், முதலில் அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பது எங்கள் பழக்கம். மிச்சமில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கக்கூடும். 5,410 என்று இருக்க வேண்டியது 4,510 ஆகியிருக்கும். இந்த வருட மாசியில் நான் ஏற்றிய 1,240 பதிவுகளில் இப்படிப்பட்ட பிழை 11. போன வருட மாசியில் 2. இடையில் மாறிப்போனது என் இரவு.

அப்பா 7 மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று இரவு 12-க்கு, 2-க்கு, 4-க்கு எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பேன். 210 இரவு, 630 முறை. ஆவணியில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய அன்று, இனித் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. 12-க்கு, 2-க்கு, 4-க்கு உடம்பு தானாக விழித்துக்கொண்டது. திருப்பிப் போட ஆள்தான் இல்லை.

வாரத்தில் 3 இரவாவது தூக்கம் பிடிக்காமல், அது 3 மாதம் நீடித்து, பகல் வேலையையும் கெடுத்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை என்பது மருத்துவக் கணக்கு. பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு ஆண்களைவிட 1.41 மடங்கு என்று 2006-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பு சொல்கிறது. எனக்கு 51 வயது. மாதவிலக்கு நிற்கும் காலத்து இரவு வியர்வையும் சேர்ந்துகொண்டது. மார்கழி பிறந்தபோதே நான் அந்த 3 மாத எல்லையைத் தாண்டியிருந்தேன். ஆனால் மருத்துவரிடம் போனது பங்குனியில். இடைப்பட்ட மாதங்களில் கடைகளுக்குப் போனேன்.

அந்தச் செலவை அப்படியே எழுதுகிறேன். புது மெத்தை 16,800 ரூபாய். தலையணை இரண்டு, ஒன்று 1,150 வீதம் 2,300. தலைக்கு எண்ணெய், பாலில் கலக்கும் பொடி, பாதத்தில் தேய்க்கும் தைலம் எல்லாம் சேர்த்து 3,240. மெலடோனின் மாத்திரை மாதம் 420 வீதம் 4 மாதத்துக்கு 1,680. மொத்தம் 24,020.

மெலடோனின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். 19 ஆய்வுகள், 1,683 பேர் கொண்ட 2013-ஆம் வருடத் தொகுப்பு ஒன்றில், அந்த மாத்திரையால் தூக்கம் பிடிப்பது சராசரியாக 7 நிமிடம் முந்தியது. மொத்தத் தூக்கம் 8 நிமிடம் கூடியது. என் மாத்திரை ஒன்று 14 ரூபாய். நிமிடத்துக்கு 2 ரூபாய் கொடுத்திருக்கிறேன், அதுவும் எனக்குச் சராசரிப் பலன் கிடைத்திருந்தால்.

அதைவிடப் பலமான தூக்க மாத்திரையை ஒரு சொந்தக்காரர் சொன்னார். ஜோல்பிடெம் வகை. அமெரிக்க மருந்துத் துறையிடம் தாக்கலான 13 சோதனைகளை எடுத்து, 4,378 பேரின் கணக்கை 2012-இல் ஒரு குழு பார்த்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் இந்த வகை மருந்துகள் தூக்கம் பிடிப்பதைச் சுமார் 22 நிமிடம் முன்னே கொண்டுவந்தன. 22 நிமிடம் சின்னத் தொகை இல்லை. எதிர்ப்பக்கத்தில் எழுதவும் இருக்கிறது. காலையில் இரத்தத்தில் மருந்து மிச்சமிருக்கிறது என்று 2013-இல் பெண்களுக்கான ஜோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆகக் குறைக்கச் சொன்னது அதே துறை. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது வரை நடந்ததால் 2019-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் போடச் சொன்னது. நம் நாட்டில் 2014 மார்ச் 1 முதல் ஜோல்பிடெம், அல்பிரசோலம் இரண்டும் எச்-1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றால் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஒரு மாத்திரைக்கு 3 வருடப் பதிவேடு என்றால் அது விளையாட்டு மருந்தில்லை என்பது கணக்கெழுதுகிறவளுக்குப் புரியும். நான் வாங்கவில்லை.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்று கணவர் மார்கழியிலேயே சொன்னார். "ஏனுங்க, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அந்தத் தயக்கத்தின் விலை சுமார் 90 இரவு. இந்தக் கணக்கில் நான் மிகவும் வருந்தும் தொகை அதுதான்.

மருத்துவர் முதலில் கேட்டது குறட்டை உண்டா, மூச்சுத் திணறி விழிக்கிறேனா, இரவில் கால் குடைகிறதா, வலிப்பு வந்ததுண்டா, மனம் அளவுக்கு மீறிப் பொங்கிய நாட்கள் உண்டா என்று. எதுவும் இல்லை. பிறகு 14 நாளைக்கு ஒரு சிட்டை எழுதச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தேன், தூக்கம் பிடிக்க எவ்வளவு நேரம், நடுவில் விழித்துக் கிடந்தது எவ்வளவு, கடைசியாக விழித்த பிறகு எழாமல் கிடந்தது எவ்வளவு. ஒரு நிபந்தனை: இரவில் கடிகாரம் பார்க்கக் கூடாது. காலையில் எழுந்து உத்தேசமாக எழுதினால் போதும். உத்தேசத் தொகை எழுத என் கை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மணி பார்ப்பதே தூக்கத்தைக் கெடுக்கும் என்றார். "இரண்டேகால் ஆயிடுச்சே, இன்னும் மூணேகால் மணி நேரந்தானே இருக்கு" என்று கழித்துப் பார்க்கிற மூளை எப்படி அடங்கும்?

14 நாள் சராசரி இது. படுக்கையில் இருந்தது 530 நிமிடம். தூக்கம் பிடிக்க 95. நடுவில் விழித்தது 65. விடியலில் வெறுமனே கிடந்தது 40. விழிப்பு மொத்தம் 200. தூங்கியது 330, அதாவது ஐந்தரை மணி நேரம். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்தால் 62 சதவீதம். இதற்குத் தூக்கத் திறன் என்று பெயர். 85-க்கு மேல் இருந்தால் நல்லது.

சிட்டையைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்டார்: "படுக்கையிலே கிட்டத்தட்ட ஒம்பது மணி நேரம் இருக்கீங்க. தூங்கறது அஞ்சரை. மிச்சம் மூணேகால் மணி நேரம் அங்கே என்னங்கம்மா வேலை?"

நான் அதுவரை 330-ஐ மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். 200-ஐக் கண் பார்க்கவே இல்லை. ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டேன்: 73,000 நிமிடம். 50 நாளுக்கு மேல், இரவும் பகலுமாக, இருட்டில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்ததாக ஆகும்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கிற காரணம் ஒன்று. அதை நீடிக்க வைக்கிற காரணம் வேறு. அப்பாவின் படுக்கை என் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் போன பிறகு அதை நீடிக்க வைத்தது, இழந்ததைப் பிடிக்க நான் செய்த முயற்சிகள்: ஒன்பது மணிக்கே படுப்பது, விடிந்தும் கிடப்பது, மண்டியில் மதியம் 40 நிமிடம் பாயில் சாய்வது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தின் பாரத்தைக் கூட்டுகிறது. மதியம் சாய்ந்த 40 நிமிடம் இரவுக்கான அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்த பணம்.

காபியும் அங்கேதான் கை வைக்கிறது. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். 150 மில்லி வடிகாபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன், தேநீரில் 30 முதல் 65, ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் சொன்னது. கஃபீனில் பாதி கரைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். நான் மண்டியில் மாலை 6.30-க்குக் குடித்த காபியை 100 என்று வைத்தால், இரவு 11.30-க்கு உடம்பில் 50, விடியற்காலை 4.30-க்கு 25. மூன்று காபியில் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினேன். காலை 6 மணிக் காபியும் 11 மணிக் காபியும் இன்றும் உண்டு.

சிகிச்சை எளிது, ஆனால் கடினம். தூங்குவது 330 நிமிடம் என்றால் படுக்கையில் இருப்பதும் 330 நிமிடமே. இரவு 12-க்குப் படுத்து 5.30-க்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கண் சொக்கினால் திரும்பி வரலாம். இந்த இரண்டாவது விதியை ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்தார். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி பழக வேண்டுமாம். ஆசாரத்தில் சின்ன விளக்கைப் போட்டுக் கடலைக்காய் உரித்துக்கொண்டு உட்காருவேன். முதல் வாரம் 16 முறை எழுந்தேன். அம்மா உள்ளே இருந்தபடியே, "ஏங்கண்ணு, இன்னும் தூங்கலியா?" என்பாள். அவளுக்கும் தூக்கமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வாரச் சராசரித் திறன் 90 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கை நேரத்தை 15 நிமிடம் கூட்டலாம். 85-க்கும் 90-க்கும் நடுவில் நின்றால் அப்படியே விட வேண்டும். அதற்குக் கீழே போனால் குறைக்க வேண்டும், ஆனால் 5 மணி நேரத்துக்குக் கீழே இல்லை.

1-ஆம் வாரம்: படுக்கை 330, தூக்கம் 275, திறன் 83.
2-ஆம் வாரம்: 330, 298, 90.3.
3-ஆம் வாரம்: 345, 310, 89.9.
4-ஆம் வாரம்: 345, 313, 90.7.
5-ஆம் வாரம்: 360, 326, 90.6.
6-ஆம் வாரம்: 375, 335, 89.3.
7-ஆம் வாரம்: 375, 339, 90.4.
8-ஆம் வாரம்: 390, 352, 90.3.

முதல் வாரத்தைப் பாருங்கள். இருந்த 330-இலும் 55 போய்விட்டது. இந்த வாரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். விதிப்படி குறைக்க வேண்டியதையும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். எனக்கு அழுகை வந்தது. ஸ்கூட்டர் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிடச் சொன்னார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். நம் சட்டம் ஓட்டுநருக்கு விடுவது 0.03. 5.30-க்கு எழுகிற எனக்கு இரவு 10.30-க்கு 17 மணி நேரம். லாரி ஓட்டுகிறவர்கள், இயந்திரத்தில் நிற்கிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் இந்த நேரக் குறைப்பைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. மருத்துவர் கேட்ட கேள்விகளின் அர்த்தம் இதுதான்.

இப்போது வரவைப் பார்ப்போம். 330 நிமிடத் தூக்கம் எட்டு வாரத்தில் 352 ஆனது. கூடியது 22 நிமிடம். இதற்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். விழித்துக் கிடந்த 200 நிமிடம் 38 ஆனது. இரவுக்கு 162 நிமிடம், வருடத்துக்கு 59,130, நாளாக 41. நான் மட்டும் இப்படியில்லை. இந்த விதிகள் அடங்கிய சிகிச்சை பற்றிய 2015-ஆம் வருடத் தொகுப்பு ஒன்றில், தூக்கம் பிடிப்பது 19 நிமிடம் முந்தியது, நடு இரவு விழிப்பு 26 நிமிடம் குறைந்தது, மொத்தத் தூக்கம் கூடியதோ 8 நிமிடத்துக்குள்தான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க உள்மருத்துவர்களின் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. நம் ஊர்களில் இது எத்தனை பேர் காதுக்கு எட்டியிருக்கிறது என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. மெத்தைக்கு இருக்கிற விளம்பரம் இதற்கு இல்லை.

செலவு: மருத்துவர் கட்டணம் 600 வீதம் 4 முறை 2,400. ஆட்டோ 640. அலாரம் கடிகாரம் 350, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நோட்டு 40. மொத்தம் 3,430. கடைகளில் கொடுத்தது இதைப் போல ஏழு மடங்கு.

மண்டியில் ஆனி மாதப் பிழை 3. மாசியில் வரத்து அதிகம், ஆனியில் குறைவு, ஆகவே நேராக ஒப்பிடுவது சரியில்லை. ஆனியில் பதிவு 900. ஆயிரத்துக்கு என்று பார்த்தால் மாசியில் 8.9, ஆனியில் 3.3.

அம்மாவையும் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு 74 வயது. இரவில் தடுமாறி விழுந்துவிடக் கூடாது என்று எழுந்து நடக்கிற விதியை அவளுக்கு மருத்துவர் வைக்கவில்லை. மதியத் தூக்கத்தை 3 மணிக்குள் அரை மணியாகக் குறைத்தார், மாலையில் வாசலில் வெளிச்சத்தில் உட்காரச் சொன்னார். அவள் சிட்டையை நான்தான் எழுதுகிறேன்.

என் படுக்கை நேரம் இப்போது இரவு 10.45. படுக்கை 405, தூக்கம் 370-ஐ ஒட்டி நிற்கிறது. பெரியவர்களுக்கு 7 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். அதற்கு இன்னும் 50 நிமிடம் பாக்கி. அப்பாவின் முதல் திதிக்கு முந்தின இரவு 180 நிமிடம்தான் தூங்கினேன். 5.30-க்கு எழுந்து வாசல் தெளித்தேன், கோலம் போடவில்லை. மதியம் சாயவில்லை. அன்றிரவு 375.