மழை விட்டும் தூவானம் விடவில்லை
ஆடு மாடு வளர்ப்போர் கவனத்திற்கு

"அடைமழையில எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. மழை விட்டப்புறம் மூணு ஆடு போயிடுச்சு. யார் கண்ணு பட்டுச்சோ!"

எங்கள் லயத்து அக்காள் ஒருவர் இப்படிச் சொல்லிக் கண் கலங்கினார். மகள் கல்யாணச் செலவுக்கென்று வளர்த்த ஆடுகள் அவை. கண்ணும் படவில்லை, செய்வினையும் இல்லை. ஆட்டைக் கொன்றது ஈரப் புல்தான்.

நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். தை, மாசியில் கெடா, பெர்லிஸ் பக்கம் வெயில் காயும். மற்ற இடங்களிலோ விட்டு விட்டுத் தூறலும், விடியலில் பனியும் இருக்கும். ஆடு மாடுகளுக்கு இது பொல்லாத காலம்.

ஆட்டின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு. தாய்ப்புழு ஒரு நாளிலேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்தில் குஞ்சாகிவிடும். குஞ்சுப் புழு, புல்லின் மேலுள்ள ஈரத்தில் ஏறி நிற்கும். அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால் புழுவும் உள்ளே போகும்.

நாமோ பெரட்டுக்குப் போகுமுன் இருட்டிலேயே ஆட்டை அவிழ்த்துவிட்டுப் போகிறோம். வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், பனி காய்ந்த பிறகு, பத்து மணி வாக்கில் அவிழ்க்கச் சொல்லுங்கள். யாருமில்லை என்றால், முதல் நாள் மதியம் வெயிலில் புல்லறுத்து வந்து கொட்டகையில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியோடு ஒட்ட அறுக்க வேண்டாம். புழு அடிப்புல்லில்தான் அதிகம். ஓரிடத்தில் நாலு நாளைக்கு மேல் மேய்க்காமல், ஒரு மாதம் கழித்தே மறுபடி அங்கே ஓட்டுங்கள். களைக்கொல்லி அடித்த இடமா என்று மண்டோரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இமையைப் பாருங்கள்

வாரம் ஒருமுறை ஆட்டின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளுத்திருந்தால் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கினால் நிலைமை முற்றிவிட்டது. இந்தப் புழுவுக்குக் கழிச்சல் இல்லாமலேயே ஆடு சாகும். "சாணி நல்லாத்தானே போடுது" என்று இருந்துவிடாதீர்கள். கால்நடை இலாகாவில் சொல்லி, ஆட்டின் எடைக்குத் தக்க மருந்து கொடுங்கள். மிச்சம் பிடிக்க அரை அளவு கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

கொட்டகை

ஆட்டுக் கொட்டகையின் தரை மூன்று நாலு அடி உயரத்தில், இடைவெளி விட்ட பலகையாக இருக்கட்டும். புழுக்கை கீழே விழுந்துவிடும், குளம்பும் ஈரத்தில் ஊறாது. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கு கட்டுகிறார்கள் சிலர். அது தவறு. மூத்திர நெடி உள்ளேயே நின்றால் சளிக் காய்ச்சல் வரும். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைத்து, கூரையடியில் காற்றுக்கு வழி விடுங்கள்.

குட்டி ஈன்றதும் உடம்பைக் காய்ந்த சாக்கால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். "சீம்பால் கெடுதல்" என்று கறந்து கொட்டுவது பெரிய தப்பு. குட்டிக்கு நோய் தாங்கும் சக்தியே அதில்தான் இருக்கிறது.

பசு வைத்திருப்போர், கறந்ததும் கொஞ்சம் தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை அப்போது திறந்திருக்கும். ஈரச் சகதியில் படுத்தால் மடிநோய் வந்துவிடும்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வார்த்தை. எலி மூத்திரம் கலந்த சகதியால் எலிக் காய்ச்சல் வரும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் பூட்ஸ் போடாமல் கொட்டகையில் இறங்க வேண்டாம்.

அந்த அக்காளிடம் மிஞ்சியது இரண்டு பெட்டைகள். இப்போது பத்து மணிக்குத்தான் அவிழ்க்கிறார். இமை சிவந்திருக்கிறது. ஒன்று சினையாகவும் இருக்கிறது.