ஓடுகிற மென்பொருளுக்கு ஏன் செலவு?

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் விற்பனை மென்பொருளைச் சில வருடங்களாக நான் பராமரித்து வருகிறேன். அண்மையில் நான்கு நாள் வேலைக்கான மதிப்பீட்டுத் தாள் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கேட்டார்:

"இதைச் செஞ்சா புதுசா என்ன கிடைக்கும் தம்பி?"

"புதுசா ஒன்றும் இல்லை நானா. இப்ப இருக்கிறது தொடர்ந்து வேலை செய்யும்."

"நல்லா ஓடுற சாமானை ஏன் கழட்டப் பார்க்கிறீங்க?"

நியாயமான கேள்விதான். மென்பொருள் வைத்திருக்கும் வியாபாரிகள் பலரும் இதையே கேட்கிறார்கள். எனவே அவருக்குச் சொன்ன விளக்கத்தை இங்கும் தருகிறேன்.

வாசலில் நிற்கும் ஆள்

அவருடைய மென்பொருள் ரூபி என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட மொழி இது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, யார் எந்தக் கிளையைச் சேர்ந்தவர், அவருக்கு என்ன பொறுப்பு என்று கணக்கு வைப்பது ஆகிய வேலைகளை எங்கள் மென்பொருள் நேரடியாகச் செய்வதில்லை. அவற்றுக்கென்றே இருக்கும் ஓர் இணையச் சேவையிடம் ஒப்படைத்திருக்கிறோம். மென்பொருளுக்கும் அந்தச் சேவைக்கும் இடையில் செய்தி கொண்டுபோய் வரும் சிறு நிரல் தொகுப்புக்கு நூலகம் என்று பெயர். ரூபிக்காரர்கள் அதை 'ஜெம்' என்பார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. "நீர் யார்?" என்பது முதலாவது. "இந்த நிறுவனத்தில் உமக்கு என்ன இடம்?" என்பது இரண்டாவது. மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒருவர்தான், ஆனால் மூன்று நிறுவனங்களில் அங்கத்தவர். ஒரு கடையின் கணக்கு அடுத்த கடைக்குத் தெரியக் கூடாது. இந்தப் பிரிப்பைச் சரியாகப் பேணுவதுதான் நிறுவன முகாமைத்துவம் என்ற பகுதியின் வேலை.

சேவையை நடத்துபவர்கள் காலத்துக்குக் காலம் தங்கள் முறைகளை மாற்றுகிறார்கள். பழைய நூலகமோ பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த வாசல் மூடப்பட்டால், காலையில் கடை திறக்கும்போது காசாளர் உள்ளே நுழைய முடியாது. ரூபி மொழிக்கும் காலக்கெடு உண்டு. அதன் 2.7 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மார்ச் 31உடன் நின்றுவிட்டன.

மூன்று எண்கள்

நூலகப் பதிப்புகள் பெரும்பாலும் 4.2.1 என்பது போல எழுதப்படும். கடைசி எண் கூடினால் பிழை திருத்தம். நடு எண் கூடினால் புதிய வசதி. முதல் எண் கூடினால் பழைய முறையில் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள். எனது நான்கு நாள் மதிப்பீடு இந்த முதல் எண்ணுக்கானது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய நூலகம் ஒருவருக்கு ஒரு பொறுப்பு என்ற கணக்கில் 'விற்பனையாளர்' என்று ஒரு சொல்லைத் தந்தது. ஒருவருக்குப் பல பொறுப்புகள் இருக்கலாம் என்பதால் புதிய நூலகம் அதையே ஒரு பட்டியலாகத் தந்தது. எங்கள் மென்பொருளிலோ, "பொறுப்பு 'விற்பனையாளர்' என்றால் கொள்விலையை மறை" என்று எழுதியிருந்தோம். சொல்லும் பட்டியலும் ஒன்றல்லவே! கணினி பிழை எதுவும் காட்டாமல், விற்பனையாளர் எல்லோருக்கும் கொள்விலையைத் திறந்து காட்டியது. நல்லவேளையாகப் பரீட்சார்த்தப் பிரதியில் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையான கடையில் நடந்திருந்தால் என்னவாகும் என்று வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கண்ணை மூடிக்கொண்டும் மாற்றக் கூடாது

அப்படியானால் புதிது வந்தவுடன் மாற்றிவிடலாமா? அதுவும் ஆபத்து. 2019 ஆகஸ்டில் 'ரெஸ்ட் கிளையன்ட்' என்ற பிரபலமான ரூபி நூலகத்தின் 1.6.13 பதிப்பில் திருட்டு நிரல் நுழைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதைப் பராமரித்தவர்களில் ஒருவர் பல இடங்களில் பாவித்த பழைய கடவுச்சொல்லே திருடனுக்கு வாசலைத் திறந்துவிட்டது. இதன் பின்னர் காவல் இறுகியது. 18 கோடி தடவைக்கு மேல் பதிவிறக்கப்பட்ட நூலகங்களின் உரிமையாளர்கள் இரட்டைச் சரிபார்ப்பு வைத்தே ஆக வேண்டும் என்று ரூபி நூலகங்களின் பொதுக் களஞ்சியம் 2022 ஆகஸ்டில் விதித்தது.

ஆகவே மென்பொருள்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறுகிறோம்? மாற்றங்களின் குறிப்பை வாசித்தீரா?
2. முதலில் பிரதியில் செய்து பார்த்தீரா? முதலாளி, காசாளர், விற்பனையாளர், களஞ்சியப் பொறுப்பாளர் என ஒவ்வொருவராகவும் நுழைந்து பார்த்தீரா? பார்க்கக் கூடியதை மட்டுமல்ல, பார்க்கக் கூடாததையும் சோதித்தீரா?
3. பிழைத்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்?
4. எப்போது செய்கிறீர்? பெருநாள் சீசனில் வேண்டவே வேண்டாம்.

பட்டியலில் ஒரு பெயர்

நானா கடைசியில் சம்மதித்தார். மாற்றத்துக்கு முன் அங்கத்தவர் பட்டியலை அச்சிட்டு அவரிடம் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்து வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இவர் போய் ஒன்றரை வருஷமாச்சே!"

இப்போது வேறொரு கடையில் வேலை செய்கிறார் அந்த விற்பனையாளர். அவர் உள்ளே நுழைந்து எதையும் பார்த்ததாகப் பதிவேட்டில் இல்லை. ஆனால் வேலையை விட்டு நின்றபோது கடைச் சாவியை வாங்கியவர்கள் இந்தச் சாவியை வாங்க மறந்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் கடன் நிலுவையும் கொள்விலையும் அத்தனை நாளும் அவருக்குத் திறந்தே இருந்தன.

அந்தப் பெயரை நீக்க நான்கு நாள் தேவைப்படவில்லை, ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. நூலகத்தைப் புதுப்பிப்பது என் போன்றவர்களின் வேலை. பட்டியலை வாசிப்பது உங்கள் வேலை. இந்த வாரமே அதை அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.