மக்குவாரித் தீவும் அந்நியப் பிராணிகளும்

நடுக்கடலில் தனித்துக் கிடக்கும் தீவுகளிலே கடற்பறவைகள் பெரும்பாலும் தரைமீதும் மண்வளைகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. நாற்காற் பகைவரை அவை அறியா. மனிதன் கப்பலிற் கொணர்ந்த பூனையும் எலியும் அங்கே பெருகிப் பறவைகளை அழிக்குமாயின், அவற்றைக் கொன்றொழித்தல் தகுமோ? ஓருயிரைக் காக்க மற்றோருயிரை மாய்ப்பதற்கு நம் மனம் எளிதில் இசைவதில்லை. ஆதலின் ஒரு தீவின் சரித்திரத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோமாக.

டாஸ்மேனியாவிற்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தூரத்தில் மக்குவாரித் தீவு உளது. 1810-ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்டபின், கடல்நாய் வேட்டைக்காரர் வழியாகப் பூனைகள் அங்கே புகுந்தன. 1870-களின் இறுதியில் உணவுக்கென முயல்களும் விடப்பட்டன. பறவைகள் பல அகன்றுவிடும் குளிர்காலத்தில், பட்டினியாற் குறையவேண்டிய பூனைகளுக்கு முயல்கள் இரையாயின. பூனைகள் பெருகவே, அத்தீவிற்கே உரிய கிளியினம் இருபது ஆண்டுகளுக்குள் அற்றொழிந்தது.

முயல்களோ புல்லையும் பூண்டையும் தின்று நிலத்தை வெறுமையாக்கின. 1978-இல் அவற்றினிடையே ஒரு கொள்ளைநோயைப் பரப்பினர். முயல் குறைந்ததும் பூனைகள் பறவைகளையே மிகுதியாக நாடின. எனவே பூனைகளை வேட்டையாடி, 2000-ஆம் ஆண்டில் கடைசிப் பூனையையும் அகற்றினர். ஆயினும், நோயின் வலிமை குன்ற, பகையும் நீங்க, முயல்கள் மீண்டும் பெருகின. மலைச்சரிவுகள் பசுமையிழந்தன. 2006-இல் நேர்ந்த மண்சரிவொன்று பெங்குவின்கள் குஞ்சு பொரிக்கும் இடத்தில் ஒரு பகுதியைப் பாழாக்கிற்று.

ஒன்றைமட்டும் நீக்கினால் மற்றொன்று தலையெடுக்கும் என்பது இதனால் விளங்கிற்று. முயல், எலி, சுண்டெலி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒழிக்க 2010-இல் ஹெலிகாப்டர்களிலிருந்து நச்சுத்தீனி தூவத் தொடங்கினர். புயலால் அவ்வேலை இடையில் நின்றது. நஞ்சுண்டு மாண்ட பிராணிகளைத் தின்ற கடற்பறவைகளும் நூற்றுக்கணக்கில் இறந்தன. காக்கப்புகுந்தோர் கையாலேயே காக்கப்படுவன மடிந்தமை மிகவும் வருந்தத்தக்கதே. ஆகவே 2011-இல் மீண்டும் தொடங்குமுன் வேறொரு நோயால் முயல்களின் தொகையைக் குறைத்து, நச்சுப்பிணங்கள் மிகாதபடி செய்தனர். கிடந்த பிணங்களையும் பொறுக்கினர். எஞ்சிய முயல்களை வேட்டைநாய்களைக்கொண்டு தேடினர். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தீவு அம்மூன்றினின்றும் விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 2½ கோடி ஆஸ்திரேலிய டாலர். இன்று புல்லினங்கள் தழைக்கின்றன. பூனைகளுக்கஞ்சி மறைந்த சாம்பல்நிறப் பெற்றல் என்னும் பறவையும் அங்கே குஞ்சு பொரிக்கின்றது.

இவற்றால் நாம் துணியத்தக்கது யாது? பசிக்கு இரைதேடிய பூனைமேற் குற்றமில்லை, குற்றம் கொணர்ந்தவனுடையதே. எனினும், கைகட்டி வாளாவிருத்தலும் கொல்லாமையாகாது; வேறெங்கும் போக்கிடமற்ற பறவைகளை நாமே மாய்ப்பதற்கு அது ஒப்பாகும். எனவே நீக்குதல் தகும் என்போம். ஆனால் அரைகுறையாய் நீக்குதல் தகாது. இயன்றமட்டும் துன்பங்குறைத்து, முற்றும் முடிக்கும் ஆற்றலுடையோரே அதிற் கைவைத்தல் வேண்டும். கரையணையும் ஒவ்வொரு கப்பலிலும் எலி இல்லாதபடி காத்தலோ, அதனினும் மலிவானது, அதனினும் இரக்கமுடையது.